புரட்டாசிப் புழுதி

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முத்தும் சங்கும் உப்பும் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் மண் கறுத்துவிடும். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டி என்று நீளும் கரிசல் காடு எங்களுடையது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விழும் பருவமழை. அதைத் தவறவிட்டவனுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான். வேம்பார் உப்பளங்களில் வேலை பார்க்கும் உறவுக்காரர்கள் மழை பிந்தி வரட்டும் என்பார்கள்; நாங்கள் முந்தி வரட்டும் என்போம். இரு தரப்புக்கும் புரட்டாசி முழுக்க வானத்தின் மேல்தான் கண்.

காட்டையும் தொழுவத்தையும் குதிரை லாயத்தையும் மழைக்குத் தயார் செய்ய வேண்டிய மாதம் இது. கரிசல் நனைந்துவிட்டால் காலைப் பிடித்துக்கொள்ளும். மாடு இறங்காது, டிராக்டரும் இறங்காது. புழுதியாக இருக்கும்போது செய்து முடிக்காத வேலை அந்த வருஷம் செய்யாத வேலைதான்.

வைகாசியில் கிளம்பிய மேகாற்று புரட்டாசி நடுவில் தளரும். சாயங்காலம் கிழக்கேயிருந்து கொண்டல் தட்டத் தொடங்கினால் விதைப் பெட்டியை இறக்கிவிட வேண்டும். கோடை உழவில் புரண்ட கட்டிகள் இடையிடையே விழுந்த தூறலில் நனைந்து காய்ந்து தாமாகவே உதிர்ந்திருக்கும். அந்தப் பொடி மண்ணில், ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல், மழைக்கு முன்பே விதைப்பதுதான் எங்கள் முறை. வெளியூர் விவசாயிக்கு இது சூதாட்டம்போலத் தெரியும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்க வேண்டும். மேலாக விதைத்தால் சும்மா விழும் தூறலிலேயே விதை ஊறி, பாதி முளைத்து, மறுநாள் வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு அசையாது. 20 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு நல்ல மழை இறங்கினால்தான் அதற்கு ஈரம் எட்டும். அந்த ஈரம் முளை வேர் பிடிக்கும்வரை நிற்கும்.

1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த மானாவாரிக் கணக்கைத்தான் ஆராய்ந்து வருகிறது. சோள விதையை இரண்டு சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய காய்ச்சலுக்கே உலர்த்தி விதைக்கச் சொல்கிறது வேளாண் துறை. நான் அப்படித்தான் செய்கிறேன். உலர்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி விதையை அள்ளி உள்ளங்கையில் குலுக்குவேன். ஊறல் மிச்சம் இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று மெத்தென்று உரசும். காய்ந்திருந்தால் கலகலவென்று சத்தம் கொடுக்கும். சத்தம் வராத விதையை நான் காட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

ஊரில் பாதிக் காடு இன்று மக்காச்சோளம். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற பிறகும் அந்த ஆசை விடவில்லை. நான் உளுந்துக்கும் பாசிக்கும் பக்கத்தில் கட்டாயம் நாட்டுச் சோளம் விதைப்பேன். காரணம் தொழுவம். மக்காச்சோளத் தட்டையை மாடு புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். சோளத்தட்டையைக் கணு வரைக்கும் கடித்துத் தின்னும். தையில் அறுத்துப் படப்பு போட்டால் அடுத்த புரட்டாசி வரைக்கும் தீனிக் கவலை இல்லை.

அந்தச் சோளத்திடமே எச்சரிக்கையும் வேண்டும். முளைத்து முழங்கால் உயரம் வருவதற்குள் மழை இடைவெளி விட்டுப் பயிர் வாடினால், அதில் சயனைடு நஞ்சு கூடிவிடும். அந்த நேரத்தில் கட்டு அறுத்துக்கொண்டு ஒரு மாடு காட்டுக்குள் புகுந்தால் சில நிமிடங்களிலேயே தள்ளாடி விழுந்துவிடும். அதனால் புரட்டாசியிலேயே முளைக்கயிறு, மூக்கணாங்கயிறு, பட்டிப் படல் எல்லாவற்றையும் பார்த்து, இற்றதை மாற்றிவிடுவேன். கால்நடை மருந்தகத்துக்கும் இதே மாதத்தில் ஒரு நடை உண்டு. கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மழைக்கு முன் போடும் தடுப்பூசிதான் காப்பாற்றும். ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசி. எங்கள் பக்கத்து வேம்பூர் ஆட்டுக்கு, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் போட்ட அந்த உயரமான சாதிக்கு, வெயில் ஒன்றும் செய்யாது. அடைமழையும் சேறும்தான் எதிரி. மழைக்காலத்தில் நீலநாக்கு வந்தால் மந்தையே மெலிந்துவிடும். அதனால் பட்டி எப்போதும் மேட்டில்.

லாயத்தில் நிற்பது வண்டிப் பந்தயக் குதிரை. தென் மாவட்டங்களில் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் மாட்டுவண்டியோடு குதிரைவண்டியும் ஓடும். 2014இல் உச்ச நீதிமன்றத் தடையால் மாட்டுவண்டிப் பந்தயம் நின்றது. 2017இல் மாநிலச் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பான பிறகு ஊர்களில் மீண்டும் ஆர்வம் கூடியிருக்கிறது. தைக்குப் பிறகு ஓட வேண்டிய குதிரையைப் புரட்டாசியில் விரட்டக் கூடாது. வைப்பாறு வறண்டு கிடக்கும் இந்த மாதத்தில் விடியற்காலை ஆற்று மணலில் அதை நடத்திக் கூட்டிப் போவேன். மணலில் நிதான நடை தொடைக்கும் தோளுக்கும் சதை கட்டும். அதே மணலில் பாயவிட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததை அராவி, உள்ளங்குழியில் கட்டிக் கிடக்கும் கரிசலைக் கொக்கியால் சுரண்டி எடுத்தால்தான் அழுகல் இருப்பது தெரியும். மோந்து பார்த்தாலே போதும், நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு லாடம் கட்டும் பெரியவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: “காலுக்குத் தக்கன லாடத்தை வளைக்கணும் தம்பி. லாடத்துக்குத் தக்கன காலைச் செதுக்கப்படாது.” தீனியும் அப்படித்தான். குதிரைக்கு வயிறு சின்னது, வாந்தி எடுக்கவும் முடியாது. இரவெல்லாம் ஊறிய கொள்ளைப் பல வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும்.

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. குலசேகர பாண்டியன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், காயல் துறையில் ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்தன என்றும், பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததே காரணம் என்றும் சொல்கிறார். சோற்றோடு இறைச்சி சமைத்துத் தீனியாக வைத்தார்களாம். நல்ல குதிரையை வாங்கப் பணம் போதும். அதை உயிரோடும் உரத்தோடும் வைத்திருக்க, தினமும் அதன் காலடியில் குனிகிற ஒருவன் வேண்டும்.

காட்டுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் அனுபவம். ஆற்றுக்குக் குதிரையை நடத்திப் போகும் வழி என் வரப்பு வழிதான். போகிற போக்கில் வெடிப்பு எவ்வளவு மூடியிருக்கிறது, எறும்பு விதை தூக்குகிறதா, எந்த மூலையில் காட்டுப்பன்றி கிளறியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது கம்மாயின் தூர் தெரியும். தொழுவத்துக் குப்பையையும் குதிரைச் சாணத்தையும் வண்டியில் ஏற்றிக் காட்டில் இறைக்கும்போது எந்தப் பாத்தி இளைத்திருக்கிறது என்பது காலுக்கே தெரிந்துவிடும். டிராக்டருக்கு வாடகை கொடுத்து உழவும் விதைப்பும் ஒரே நாளில் முடித்துவிடலாம், நானும் பெரிய உழவுக்கு டிராக்டரைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் எப்போது கூப்பிட வேண்டும் என்பதை எனக்குச் சொல்வது கால்நடைகளோடு கழியும் காலைகள்.

புதிதாக மானாவாரியில் இறங்கும் இளைஞர்கள் என்ன ரகம், என்ன விலை என்று முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: விதை வாங்குவதற்கு முன் ஒரு சோடி மாடு வாங்குங்கள், முடியாவிட்டால் நாலு ஆடு. அவற்றுக்குத் தீனி தேடி நீங்கள் தினமும் விடியலில் காட்டில் நிற்பீர்கள். தினமும் காட்டில் நிற்கிறவனுக்கு விதைக்கும் நாளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.