பணிமாறிய அரங்குகள்

மத்திய அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இடமாற்றம் புதிதன்று. எங்களுக்கு ஊர் மாறும், பணி மாறாது. கட்டடங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவை நின்ற இடத்திலேயே நிற்கும். பணி மட்டும் மாறிக்கொண்டிருக்கும். பெங்களூருவுக்கு மாற்றலாகி வந்தபின் இதனை எனக்குக் கற்பித்தவை இந்நகரின் பழைய திரையரங்குகளே.

பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் முனையில் ஓபரா ஹவுஸ் என்னும் பழைய கட்டடம் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கு இசை நாடகங்களும் நடனங்களும் நிகழ்ந்தன. பின்னர் அது திரையரங்காயிற்று. படங்கள் நின்றபின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2018ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு, சாம்சங் நிறுவனத்தின் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஒரே பெருந்திரையை எல்லாரும் நோக்கியிருந்த இடத்தில், அவரவர் கையகலத் திரையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

கப்பன் சாலையின் பி.ஆர்.வி. அரங்கினது கதை இன்னும் வியப்புக்குரியது. பெங்களூர் ரைபிள் வாலண்டியர்ஸ் என்னும் தன்னார்வப் படையின் பெயர்ச்சுருக்கமே அது. படைக்கலக் கொட்டிலாக இருந்த கட்டடம் திரையரங்காகி, பிறகு காவல்துறையினரின் அங்காடியாயிற்று. சென்னையிலும் இத்தகைய சான்று உண்டு. 1913இல் தோன்றிய எலக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலை நிலையமாக வாழ்கிறது.

எல்லா அரங்குகளுக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1936இல் எழுந்த எம்.ஜி. சாலைப் பிளாசா, மெட்ரோ இரயில் பணிக்காக இடிக்கப்பட்டது. 2011 அக்டோபரில் அச்சாலைக்கு மெட்ரோ வந்தது. ரெக்ஸ் அரங்கு 2018 இறுதியில் கடைசிக் காட்சியை முடித்துக்கொண்டது. இவற்றை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட இயலாது. நாள்தோறும் மெட்ரோவில் பள்ளிக்கு வரும் நீங்களே அதன் பயனை அறிவீர்கள்.

ஆயினும், கட்டடம் மறைந்தபின்னும் மறையாத ஒன்றுண்டு. நகரின் முதன்மைப் பேருந்து நிலையத்தின் பெயர் கெம்பேகவுடா நிலையம். மக்கள் வழங்கும் பெயரோ மெஜஸ்டிக். அது அங்கிருந்த ஒரு திரையரங்கின் பெயர். அரங்கு போயிற்று, பெயர் வட்டாரத்துக்கே உரியதாயிற்று. தருமபுரியிலிருந்து வேலை தேடி வருபவரும் அப்பெயரைச் சொல்லியே இறங்குகிறார்.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி, பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். கட்டட வேலைக்காக இளவயதில் இங்கு வந்தவர் அவர். "எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, டீச்சர். பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். கொட்டகைச் சுவரிலே வாத்தியார் படம் ஒட்டியிருந்தா, அதுதான் நாங்க இறங்குற இடம்" என்றார். அவர் குறித்த வாத்தியார் எம்.ஜி.ஆர்.!

அன்று முழுதும் அச்சொற்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு நாள் பிறர் மொழியில் ஏவல் கேட்டு உழைத்தவர்க்கு, ஏழாம் நாள் அல்சூர்ப் பக்கத்து லாவண்யா போன்ற அரங்குகளில் ஓடிய தமிழ்ப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. தாய்மொழியைப் பலரோடு அமர்ந்து கேட்ட இடம் அது. ஊர்க்காரரைக் கண்டதும், வேலை உண்டா என்று விசாரித்ததும் அவ்வாயிலில்தான்.

இன்று தமிழ் உங்கள் கைப்பேசியிலேயே ஒலிக்கிறது. அதற்காக வரிசையில் நிற்கவேண்டியதில்லை. எளிதாகக் கிடைப்பது நல்லதே. ஆனால், அரிதாகக் கிடைத்தபோது அதனைத் தேடிச் சென்றவர்களின் கதை எந்த நூலிலும் இல்லை. உங்கள் வீட்டு மூத்தோர் நெஞ்சில்தான் உள்ளது. கட்டடம் இடிந்தால் பெயராவது மிஞ்சும். பெயர்க்காரணம் சொல்வோரும் மறைந்தால், அது வெற்றொலியாகிவிடும். ஆகவே, இன்றே கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி வையுங்கள்.

சொல்லும் பொருளும்
படைக்கலம் – ஆயுதம்
கொட்டில் – கூடம்
ஏவல் – கட்டளை
வெற்றொலி – பொருளற்ற ஓசை

எழுதுக
1. பணிமாறிய கட்டடங்கள் இரண்டனைக் கூறுக.
2. பாட்டிக்குத் திரையரங்கு எவ்வாறு வழிகாட்டியது?
3. உங்கள் வீட்டு மூத்தோர் முதலில் சென்ற திரையரங்கைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.