வாடகைப் பாக்கி

எங்கள் அப்பா டீக்கடையில்கூடக் கடன் சொல்லாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே பலவீனத்துக்கு நாலு கால், ஒரு வால்!

சம்பளம் வாங்கிய முதல் சனிக்கிழமை கிண்டி ரேஸ் கோர்ஸுக்குக் கிளம்பிவிடுவார். 1777-லிருந்து குதிரை ஓடுகிற இடம். முதல்நாள் ராத்திரியே ரேஸ் புக்கில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

"இது அதிர்ஷ்டம் இல்லேடா. நல்லா ஓடற குதிரை மேலே எடையை ஏத்துவான், சுமாரான குதிரைக்குக் குறைப்பான். எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்னு கணக்கு. அதையும் மீறி எது முந்தும்னு கண்டுபிடிக்கணும். அதான் மூளை!"

மூளை ஜெயித்தால் அல்வா வரும். தோற்றால் வீட்டுக்காரர் வருவார். மாசம் அறுபது ரூபாய் வாடகை. மூணு மாசப் பாக்கிக்கு அவர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், அம்மாவின் ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயின. திரும்பவே இல்லை.

1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. அம்மா பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாள். கிளப், கோர்ட்டுக்குப் போனது. "தேங்காய் வேஸ்ட்" என்றார் அப்பா. 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு குதிரையைவிட நிதானமாக ஓடி, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமைதான், சூதாட்டம் இல்லை!

ரிடையராகியிருந்த அப்பா பெருமையாகப் பேப்பரை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. வெறுங்கையை நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். அப்பா அப்புறம் கிண்டிப் பக்கம் போகவேயில்லை.

அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து செய்து, சீல் வைத்தது. காரணம்? வாடகைப் பாக்கி! 730 கோடி ரூபாய். 1945-ல் போட்ட 99 வருஷக் குத்தகையில் 160 ஏக்கருக்கு வருஷ வாடகை ரூ.614-தான். எங்கள் ஒண்டுக் குடித்தனத்துக்கே வருஷம் 720 சார்!

கிளப் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. நான் அம்மாவிடம் பேப்பரைப் படித்துக் காட்டினேன். 'அம்பது வருஷம் கழிச்சு அந்தத் தேங்காய் வேலை செய்யுது' என்று சிரிப்பாள் என்றிருந்தேன்.

"வாசல்ல நின்னு சத்தம் போட்டாங்களாடா?" என்றாள்.

"சீலே வெச்சுட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா படத்தைப் பார்த்தபடி, "அவர் இருந்திருந்தா ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றாள்.