15க்கும் 50க்கும் இடையே ஒரு புல்லட்

தில்லியில் ஓடும் பழைய புல்லட்டுக்கு ஆண்டில் இருமுறையாவது கார்புரேட்டரைத் திருத்த வேண்டியிருக்கிறது. மே மாத நண்பகலில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுகிறது. சனவரி விடியலில் 5 டிகிரிக்கு இறங்குகிறது. ஒரே கொள்ளளவுக் காற்று அந்தக் குளிரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல் எடை கொண்டது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளையோ இவ்வேறுபாட்டை முழுமையாக ஈடுசெய்வதில்லை. புதிய வண்டிகளில் இக்கணக்கைச் சென்சார்கள் பார்த்துக்கொள்கின்றன. பழைய வண்டியில் அது மிஸ்திரியின் செவிக்குரிய பொறுப்பு.

கரோல் பாகின் சந்துகளில் இப்பணி நடக்கும் முறை எளிமையானது போலத் தோன்றும். முதலில் எஞ்சின் நன்கு சூடேற வேண்டும்; குளிர்ந்த எஞ்சினின் ஒலியை நம்பி எதையும் திருத்தலாகாது. பிறகு ஐடிலிங் திருகைச் சற்றே உயர்த்திவிட்டு, காற்றுத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்துவர். உள்ளே திருகினால் கலவையில் பெட்ரோல் மிகும், வெளியே திருகினால் காற்று மிகும். ஓரிடத்தில் எஞ்சினின் வேகம் தானே உயர்ந்து, அதைக் கடந்ததும் தடுமாறும். அந்த உச்சத்தில் திருகை நிறுத்தி, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே கேட்குமளவுக்கு ஐடிலிங்கைத் தாழ்த்துவர். சிறிது தூரம் ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பே வேண்டிய நிறம். நிறம் பிசகினால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலோ கீழோ மாற்றுவர். லடாக் செல்லும் வண்டியாயின் சிறிய மெயின் ஜெட் ஒன்றும் பையில் ஏறும். 5,300 மீட்டருக்கு மேலான கர்துங் லாவில் காற்றின் அடர்த்தி தில்லியினதில் பாதியைச் சற்றே தாண்டும்.

ஆய்வுலகில் இத்தகைய திறனை மைக்கேல் போலனியின் சொல்லாட்சியில் ‘உள்ளுறை அறிவு’ என்று பெயரிட்டு வியப்பது வழக்கம். அவ்வியப்பில் ஓர் ஆபத்து உண்டு. மிஸ்திரி கேட்பது மறைபொருள் அன்று. 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்னும் எடை விகிதத்தின் அண்மையை அவர் ஒலியால் அளக்கிறார். அவர் அளப்பது புகையையும்தான்.

மாசுச் சோதனை ஐடிலிங்கில் நடக்கிறது. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு வரை அனுமதி. அந்த நிலையில் கலவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதே காற்றுத் திருகு. சோதனைக்கு முன் அதை அரைச் சுற்று வெளியே திருப்பி, சான்றிதழ் கைக்கு வந்தபின் பழையபடி வைத்துவிடலாம். சாலையில் ஓடும்போது வேலை செய்யும் ஊசியையும் மெயின் ஜெட்டையும் அச்சோதனை காண்பதே இல்லை.

வயதைக் கொண்டு தீர்ப்பதற்கு இதுவும் ஒரு நியாயமாகலாம். எத்தனை நுட்பமாகத் திருத்தினாலும் கார்புரேட்டர் வண்டி பி.எஸ். 6 எஞ்சினுக்கு நிகராகாது; தில்லியின் நவம்பர்க் காற்றைச் சுவாசிப்போர் இதை மறுக்க இயலாது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகரில் ஓடக்கூடாது என்னும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 அன்று இவற்றுக்குப் பெட்ரோல் மறுக்கும் திட்டம் தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

மறுபுறம், 2021ஆம் ஆண்டு விதிகள் 50 ஆண்டு நிறைந்த வண்டியைத் தொன்மை வாகனமாக ஏற்கின்றன. 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம். அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இவ்விரு எண்களுக்கும் நடுவே 35 ஆண்டுகள் கிடக்கின்றன. திருவொற்றியூர் ஆலையில் உருவாகி 1995இல் தில்லியில் பதிவான புல்லட், தலைநகரின் கணக்கில் 2010இலேயே ஆயுளை முடித்துவிட்டது; 2045இல்தான் அது மரபுச் செல்வமாகும். அதுவரை ஓடாமல், உருவம் மாறாமல், துருவும் ஏறாமல் எங்கே இருப்பது என்பதற்கு எந்த விதியும் விடை சொல்லவில்லை. ஓடாத வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி முதலில் அடைபடுவது அந்த ஐடிலிங் துளைதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு கரோல் பாகில் தொழில் பழக வரும் சிறுவர்களும் கார்புரேட்டரைவிட ஸ்கேனரையே மிகுதியாகக் கையாளுகின்றனர்.

உரிமையாளர்கள் சிலர் தடையின்மைச் சான்று பெற்று, வண்டியை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். போய்ச் சேரும் ஊரின் காற்றுக்கேற்ப, அங்கே யாரேனும் அந்தத் திருகை மீண்டும் கால் சுற்று நகர்த்த வேண்டியிருக்கும்.