அத்தானோட படகும் அப்பாவோட தொரட்டியும்

குத்தாலத்துல சாரல் விழுந்துருச்சுன்னு தெரிஞ்சா போதும், ஆணி புடுங்குறதுக்கு லீவு சொல்லிட்டு தென்காசிக்கு பஸ் ஏறிருவேன். இந்த தடவை இங்கிலாந்துல இருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தாங்க. அக்காவுக்கு வலது தோள்ல பட்டை. என்னன்னு கேட்டா, படகு இழுத்துருச்சாம்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கோங்க. அத்தான் விண்டர்மியர் ஏரியில ஒரு பழைய பாய்மரப் படகு வச்சிருக்கார். 17 கிலோமீட்டர் நீளம், இங்கிலாந்துலயே பெரிய ஏரி. அங்க அவர் படகைக் கரையில கட்டுறது இல்ல. ஏரிக்கு அடியில ஒரு கனமான பாரம், அதுல இருந்து சங்கிலி, சங்கிலிக்கு மேல ஒரு மிதவை. திரும்பி வரும்போது ஒருத்தர் முன்பக்கம் குனிஞ்சு, மிதவையோட வளையத்தை கொக்கிக் கம்பால பிடிச்சு கயிறு மாட்டணும். அந்த ஒருத்தர் எப்பவும் அக்காதான்.

போன மாசம் கொக்கி மாட்டிக்கிச்சு, ஆனா படகு நிக்கல. ரெண்டு டன் படகு ஒரு பக்கம் போகுது, மிதவை ஒரு பக்கம் நிக்குது, நடுவுல அக்கா. கம்பை விட வேண்டியதுதானே?

"முப்பது பவுண்டுடா. எப்படி விட?"

2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆயிட்டா மட்டும் திருநெல்வேலி ரத்தம் மாறிருமா என்ன!

அதனால அத்தான் புதுசா கருவி தேடிக்கிட்டிருந்தார். "மாப்ளே, நீ எஞ்சினியர்தானே, பாத்துச் சொல்லு"ன்னுட்டார். பொட்டி தட்டுற புத்தி, உடனே எக்செல் திறந்தாச்சு. இழுத்தா நீளுற அலுமினியக் கம்பு வைக்க வசதி, ஆனா பாரம் விழுந்தா பூட்டு வழுக்கி உள்ள போயிரும். இன்னொண்ணுல, வளையத்துல மாட்டினதும் கொக்கி கயிறோட அங்கயே நின்னுரும், கம்பு மட்டும் கைக்கு வந்துரும். நல்ல ஐடியாதான். ஆனா வளையம் நிமிர்ந்து நிக்கணும். படுத்துக் கிடந்தா ஆடுற படகுல இருந்து குத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் ஐந்தருவி ரோட்டுல வெண்ணமடைக்குளம் படகுக் குழாம். பெடல் படகுல சுத்திட்டு வந்தோம். சாரல் காத்து பின்னாடி தள்ள, அத்தான் வேகமா மிதிச்சுக்கிட்டே கரைக்கு விட்டார். கம்போட நின்ன அண்ணாச்சி கம்பை நீட்டவே இல்ல.

"மொதல்ல மிதிக்கிறத நிறுத்துங்க சார். சுத்தி, காத்துக்கு எதிரா வாங்க. அதுவா நிக்கும், அப்புறம் புடிக்கேன்."

அக்கா அத்தானைப் பாத்த பார்வை இருக்கே... நான் குளத்தைப் பாத்துக்கிட்டேன்.

ராத்திரி அப்பாகிட்ட கதை போச்சு. "ஏட்டி, முருங்கக் கொப்பு முறிஞ்சு விழும்போது தொரட்டியைப் புடிச்சிட்டா நிப்ப? விட்டுட்டு ஒதுங்குவேல்லா?" அவ்வளவுதான் சொன்னார். அப்புறம்தான் எக்செல்ல நான் போடாம விட்ட ஒரு பத்தி ஞாபகம் வந்துச்சு: கை விட்டா மிதக்குமா? மிதந்தா திரும்பி வந்து பொறுக்கிக்கலாம், தைரியமா விடலாம்.

அம்மா சொன்னது அதுக்கும் மேல. "கெணத்துல வாளி விழுந்தா கம்பா விடுதோம்? பாதாளக் கரண்டியைக் கயித்துல கட்டித்தான விடுதோம்." அட! படகுக்காரங்க செய்யுற ஒரு வழியும் கயிறுதான். ரெண்டு முனையையும் படகு முன்பக்கம் கட்டிட்டு, நடுவுல உள்ள வளைவை மிதவை மேல அகலமா வீசணும். கயிறு முங்கி, மிதவைக்குக் கீழ சங்கிலியைச் சுத்திக்கும். இழுக்குற பாரம் படகுக்கு, தோளுக்கு இல்ல. இது தற்காலிகம்தான், சங்கிலி உரசி கயிறு தேஞ்சிரும். படகு நின்னதும் நிதானமா சரியான கயிறை மாட்டிக்கணும்.

ஒரு விஷயம் கவனம். கயிறு முங்கணும். நைலான் முங்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். நம்ம ஊர்க் கடைகள்ல ரெண்டுக்கும் பேரு நைலான் கயிறுதான்! கடையில துண்டு துண்டா வாங்கிட்டு வந்து வாளித் தண்ணியில போட்டுப் பாத்தோம். மூணாவது துண்டு முங்குச்சு. அதுல பத்து மீட்டர், அக்கா பெட்டியில ஏறிருச்சு. கூடவே மிதக்குற மாதிரி ஒரு மரக்கம்பு, அது அங்க போய் வாங்குறதா முடிவு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பார்டர் பரோட்டா சாப்பிடும்போது அக்கா சொன்னா, "ஏங்க, இனிமே சுக்கானை நான் புடிக்கேன். முன்னாடி நீங்க நில்லுங்க."

அத்தான் இன்னொரு செட் பரோட்டா சொன்னார்.