இரண்டு போகத்துக்கு நடுவில்

பங்குனி பிறக்கும்போது ஒலுவில் வட்டையில் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்திருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு அந்தப் பக்கம் நடந்தால், வெட்டு மெசின் போன தடங்களில் தேங்கிய தண்ணீரில் உள்ளான்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். மழைக்கு முன்னர் வந்த விருந்தாளிகள் இப்போது புறப்படும் அவசரத்தில் இருக்கின்றன. பசிபிக் பொன் உப்புக்கொத்தியைக் கவனித்தால் அது விளங்கும். மார்கழியில் மஞ்சளும் பழுப்புமாக நின்ற பறவையின் நெஞ்சில் இப்போது கறுப்புத் திட்டுகள் விழுந்திருக்கும். சைபீரியத் தூந்திரத்தில் சோடி சேர்வதற்கான உடுப்பை அது இங்கேயே போடத் தொடங்கிவிடுகிறது. பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டும் என்பதால் பகல் முழுக்கத் தின்கிறது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி நம் நாடு. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் கடல்தான். வந்தவை திரும்பித்தான் போக வேண்டும்.

அம்பாறை மாவட்டத்தில் பறவை என்றதும் எல்லாரும் குமணையைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 1938இல் சரணாலயமான இடம் அது. யுத்தத்தால் 1985இல் மூடிய பூங்கா 2003இல்தான் திறந்தது. அடுத்த ஆண்டே சுனாமி அடித்தது. யால கிழக்கு என்றிருந்த பெயர் 2006இல் குமண தேசியப் பூங்கா என்றானது. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கும்புக்கன் ஓயாவின் தண்ணீரால் நிரம்பும் குமண வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டேயர். வைகாசி, ஆனியில் அங்குள்ள கண்ணா மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு எல்லாம் கூடு கட்டும். அப்போது உகந்தை வாசலால் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வில்லுக் கரையில் ஜீப்பின் இஞ்சினை நிறுத்துங்கள், கத்தாதீர்கள். தாய் பயந்து எழும்பினால் கொஞ்ச நேரத்து வெயிலே முட்டைக்குப் போதும். மீதியைக் காகம் பார்த்துக்கொள்ளும்.

அங்கே காவலுக்கு ஆள் இருக்கிறது. வட்டையில் கூடு வைக்கிற ஆக்காட்டிக்கு அப்படி யாரும் இல்லை.

அது கூடு என்று எதையும் கட்டுவதில்லை. உழாத தரவையில் சின்னக் குழி, அதைச் சுற்றி நாலைந்து கட்டி மண், காய்ந்த ஆட்டுப் புழுக்கை. உள்ளே நான்கு முட்டைகள். கூர்முனைகள் நாலும் நடுவை நோக்கி இருக்கும். மண்நிறத்தில் கறுப்புப் புள்ளிகள். ஒரு பாகத் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. குஞ்சு பொரிக்க நாலு கிழமைக்கு மேல் வேண்டும். வெட்டு முடிந்து சிறுபோக உழவு தொடங்கும் வரையுள்ள இடைவெளியும் பல வயல்களில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு கிழமை முந்தி ட்ரக்டர் இறங்கினால் நாலு முட்டையும் போய்விடும். பொரித்துவிட்டால் பயமில்லை, குஞ்சுகள் சில மணி நேரத்தில் எழும்பி நடந்துவிடும்.

போன சித்திரையில் ஒரு ட்ரக்டர்க்காரத் தம்பியை மறித்து இடத்தைக் காட்டினேன். தலைக்கு மேலே சோடி இரண்டும் வட்டமிட்டு அலறிக்கொண்டிருந்தன. இறங்கி வந்து குனிந்து பார்த்தார். “இவ்வளவு நாளா இதுகள் ஏன் கத்துதெண்டு யோசிக்கல்ல காக்கா” என்றவர், ஒரு கம்பை நட்டுவிட்டு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு உழுதார். விட்டது ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். வயற்காரருக்கு அதனால் ஒரு மரக்கால் நெல்லும் குறைந்திராது.

வரப்போரத்துப் புல்லுக்குக் களைநாசினி அடிக்கும் வழக்கம்தான் இதைவிட எனக்குக் கவலை. உப்புக்கொத்தி தின்னும் புழுவும் ஆக்காட்டிக் குஞ்சு பொறுக்கும் பூச்சியும் அந்த ஓரத்தில்தான் கிடக்கின்றன.

சேனநாயக்க சமுத்திரத் தண்ணீர் எந்தத் திகதியில் வரும், விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. மாடுகளை வயலை விட்டு எப்போது வெளியேற்றுவது என்பதையும் அங்கே பேசுகிறோம். ஆக்காட்டிக் கூடு கண்டால் கம்பு நட்டு விலக்கி உழ வேண்டும் என்று அந்தத் தீர்மானங்களோடு ஒரு வரி சேர்க்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்கப்போகிறேன். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.