பால்மரத்தின் கீழே ஒரு கணக்கு வகுப்பு

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. காலை 5 மணிக்கே கதவு திறந்துவிடும். புக்கிட் தீமா வாசலில் இறங்க 'பொட்டானிக் கார்டன்ஸ்' எம்ஆர்டி நிலையம், தங்ளின் வாசலுக்கு நேப்பியர் நிலையம். 1859ல் தொடங்கிய இந்தப் பூங்கா, 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. நடைப்பயிற்சிக்கும் படம் எடுக்கவும் வருகிறவர்களே அதிகம். அண்மையில் நான் போனது ஒரு குடும்பத்தோடு. பத்து வயது மகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பம் அது.

வீட்டுக்கல்வி என்றால் இங்கே சும்மா இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் எழுதியாக வேண்டும். அதனால்தான் பெற்றோர் பயந்துபோய்ச் செயலிகளையும் பயிற்சி ஏடுகளையும் வாங்கிக் குவிக்கிறார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை வேறு நாட்டு வெயிலுக்கு எழுதப்பட்டவை.

வெயில் என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. பூங்காவின் சூரியக் கடிகாரத் தோட்டத்தில் நின்று கைப்பேசியைப் பாருங்கள். கைப்பேசி 12 என்று காட்டும்போது சூரியனின் கணக்கில் ஏறக்குறைய 11தான் ஆகியிருக்கும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நாம் இருப்பது 104 பாகைக் கிழக்கை ஒட்டி. 104ஐ 15ஆல் வகுத்தால் ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நம் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி, மலேசியா தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வைத்தது. சிங்கப்பூரும் கூடவே அரை மணி முன்னால் நகர்ந்தது. வகுத்தல், நிலநூல், வரலாறு மூன்றும் ஒரே நிழலில் கிடைக்கின்றன. அட்டையில் சூரியக் கடிகாரம் செய்ய ஆங்கிலப் புத்தகங்களில் வரும் வார்ப்பு இங்கே உதவாது. நிழல்முள் சாய வேண்டிய கோணம் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 பாகை, நமக்கு ஒன்றரைகூட இல்லை. முள் படுத்தே கிடக்கும்.

ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறம் ஒரு தெம்புசு மரம் இருக்கிறதே, அது இங்கேதான் நிற்கிறது. அதன் உயரத்தை ஏறாமல் அளக்கலாம். காலை பத்து, பத்தரை மணிக்கு ஒரு மீட்டர் குச்சியை நட்டு, குச்சியின் நிழல் சரியாக ஒரு மீட்டர் ஆகும்வரை காத்திருங்கள். அந்த நொடியில் மரத்தின் நிழல் நீளமே மரத்தின் உயரம். விடையை நான் எழுதப் போவதில்லை, போய் அளந்துகொள்ளுங்கள்.

பூக்களிலும் ஒரு வேலை இருக்கிறது. இதழ்கள் 3, 5, 8 என்ற வரிசையில்தான் வரும் என்று பல கணக்கு நூல்கள் ஆசையாகச் சொல்கின்றன. சிறுமி எண்ணினாள். பெருங்கள்ளியில் 5, சரி. இட்லிப்பூவில் 4. நம் சிவன் கோயில்களில் பார்க்கும் நாகலிங்கப் பூவில் 6. அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்பதே பலருக்கு வியப்பு. "அப்போ புக் தப்பா?" என்றாள். விதியை நம்புவதற்கு முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் எனக்கு அது போதும்.

ஆனால் அன்றைய பாடம் ரப்பர் மரத்தடியில்தான் நடந்தது. 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் இங்கே வந்தன. 1888ல் பூங்காப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மெல்லிய பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதற்குப் பிறகு மலாயாத் தோட்டங்களில் அந்த மரங்களைச் சீவியது யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூட வந்திருந்த பாட்டி பேராக்கில் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆங்கிலத்தில் கணக்குப் படிக்கும் பேத்தியோடு அவருக்குப் பாடம் பற்றிப் பேச அதுவரை எதுவும் இருந்ததில்லை. மரத்தைக் கண்டதும் காற்றிலே கையை இழுத்துக் காட்டினார். "இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. மாத்தி வெட்டினா பால் கம்மி." காரணம் உண்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக இல்லை, மேலே போகப் போக லேசாக வலப்புறம் சாய்கின்றன. வெட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கூடுதல் குழாய்கள் அறுபடும். தண்ணீர்ப் போத்தலில் காகிதத்தைச் சுற்றி, பாட்டி காட்டிய சாய்வில் சிறுமி கோடு போட்டாள். பிரித்தால் நேர்கோடு, சுற்றினால் சுருள். பாகைமானி 30ஐ ஒட்டிக் காட்டியது. விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்றும் கேட்டாள். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், குழாய்களில் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் தளரும்.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் பாட்டி?"

"நானூறு இருக்கும். நாலு மணி நேரம்."

சிறுமி காகிதத்தின் பின்புறம் போட்டாள். 240 நிமிடம், 400 மரம். ஒரு மரத்துக்கு 36 விநாடி. அடுத்த மரத்துக்கு நடப்பதும் அதில் அடக்கம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியில் 36 விநாடி வைத்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து பார்த்தாள். இரண்டாவது முறை ஓடினாள். பாட்டி சிரித்துக்கொண்டே, "இருட்டுல, அட்டைக்கடியோட" என்றார்.

மழை பிடித்துக்கொண்டால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போகலாம், மூன்று நெடுங்கழுத்து டைனசோர் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஜூரோங்கில் 1977 முதல் அறிவியல் நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்தில் பிள்ளையோடு வராத பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு மிகப் பிடித்த விதி.

பினாங்கில் உறவினர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மார்ச் 23 அல்லது செப்டம்பர் 20ஐ ஒட்டி, பகல் ஒரு மணி வாக்கில் சிங்கப்பூரில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாளில், கால் மணி நேரம் கழித்து, பினாங்கில் ஒரு மீட்டர் குச்சி ஏறக்குறைய 7 செண்டிமீட்டர் நிழல் தரும். அது 4 பாகை, முழு வட்டத்தில் 90ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக இடைவெளி சுமார் 450 கிலோமீட்டர். 90ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்து நிற்கும். மேகம் மூடினால் மறுநாளும் முயலலாம், நிழல் அவ்வளவு மாறிவிடாது.