வடக்குச் சன்னல் வெளிச்சம்

திருச்சியில் எண்பதுகளில் தாவரவியல் படித்தவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும், பேச்சு கடைசியில் லேப் வாசனையில் போய் நிற்கும். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மாடிப்படி ஏறும்போதே ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். கதவைத் தாண்டினால் ஸ்பிரிட் விளக்கின் வாடை, சைலால், பாச்சை உருண்டை, ஈரம் காயாத பழைய தினசரித் தாள், இவை எல்லாவற்றுக்கும் மேலே கிராம்பு எண்ணெய். நிரந்தர ஸ்லைடு செய்கிற நாட்களில் அந்த மணம் தூக்கலாக இருக்கும். ஆல்கஹாலில் படிப்படியாக நீர் போக்கின வெட்டைக் கிராம்பு எண்ணெயில் போட்டுத் தெளிய வைத்து, கனடா பால்சம் ஒரு சொட்டு விட்டு மூடுவோம். யாருக்காவது பல்வலி என்றால் அட்டெண்டர் அண்ணன் அதே குப்பியில் பஞ்சைத் தொட்டுக் கொடுப்பார். வீட்டில் சட்டையைத் துவைக்கப் போடும்போது அம்மாவுக்கு அன்று பிராக்டிகல் என்று சொல்ல வேண்டியிருக்காது.

அந்த அறை வெளிச்சத்தை நம்பி இருந்த அறை. நீள மேசைகள், வடக்குப் பார்த்த பெரிய சன்னல்கள், அந்தச் சன்னலோரத்தில் வரிசையாகப் பித்தளைக் குழாய் வைத்த பழைய மைக்ராஸ்கோப்புகள். அடியில் இருக்கிற வட்டக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வானத்தில் ஒரு துண்டைப் பிடிக்க வேண்டும். நேர் வெயில் ஆகாது, கண் கூசும். வெள்ளை மேகத்திலிருந்து வருகிற பரவலான ஒளிதான் வேண்டும். அது கிடைத்துவிட்டால் வட்டத்துக்குள் எல்லாமே துலக்கமாக நிற்கும். மேகம் கறுத்தால் வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் உச்சுக் கொட்டும். நாலரை மணிக்கு மேல் ஒளி மஞ்சளாகிவிடும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பொன்மலைச் சங்கு கேட்கும். சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை மங்கிக்கொண்டு வர, வாட்ச் கிளாஸ்களைக் கழுவி அடுக்குகிற சின்னக் கிணுகிணுப்பு அறை முழுக்க நிறைந்திருக்கும்.

அட்டெண்டர் அண்ணனைச் சொல்லாமல் அந்த இடத்தைச் சொல்ல முடியாது. விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு செடி பறிக்கக் கிளம்பிவிடுவார். உய்யக்கொண்டான் வாய்க்காலில் இறங்கி ஹைட்ரில்லாவும் ஆகாயத்தாமரையும், ரயில்வே லைன் ஓரத்தில் நாயுருவியும் மூக்கிரட்டையும், யார் வீட்டு வேலியிலோ சங்குப்பூவும், கோயில் நந்தவனத்தில் கேட்டு வாங்கின அரளியும் அவர் பையில் இருக்கும். எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றித்தான் கொண்டுவருவார். லத்தீன் பெயர்களை அவர் சொல்கிற அழகே தனி. போயர்ஹாவியா, அக்கிராந்தஸ், நிக்டாந்தஸ் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சில் உருட்டி உருட்டிச் சொல்வார். எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை, முப்பது வருஷம் கேட்டுக் கேட்டே மனசில் பதிந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அவருக்கு மனசு குளிர்ந்துவிடும். ‘வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா பாசிக்குப் பஞ்சமில்ல தம்பி’ என்பார்.

செக்‌ஷன் எடுக்கிறதுதான் முதல் வருஷத்தின் பெரிய பாடம். பிளேடைக் காகிதத்தோடு சேர்த்துப் பாதியாக உடைத்துக்கொள்வோம். பப்பாளிக் காம்பையோ உருளைக்கிழங்குத் துண்டையோ பிளந்து நடுவில் இலையைச் செருகிக்கொண்டு, கட்டைவிரலை ஆதாரமாக வைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். பிளேடும் தண்டும் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். தண்ணீரில் விழுகிற பத்திருபது துண்டுகளில் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பிரஷ்ஷால் தேடி எடுத்து, சாஃப்ரனினில் முக்கி, கழுவி, கிளிசரினில் வைத்து, கவர்கிளாஸைச் சாய்த்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி வராது. அப்புறம் கண்ணை வைத்தால், தரையோரத்தில் மிதிபட்டுக் கிடந்த வெட்டுக்காயப்பூண்டின் தண்டுக்குள் சிவந்த சைலம் வட்டமாக அடுக்கியிருக்கும். மூக்கிரட்டையின் நடுவில் இரண்டு பெரிய கற்றைகள். பவளமல்லித் தண்டின் நாலு மூலையிலும் உள்வெளி மாறித் திரும்பி நிற்கிற கற்றைகள். அரளி இலையின் அடிப்பக்கத்தில் குழிகள், குழிக்குள் மயிர்கள், அந்த மயிர்களுக்கு நடுவில் வெயிலுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் இலைத்துளைகள். ஆலிலையை வெட்டினால் மேல்தோல் செல்லுக்குள் கால்சியம் கார்பனேட் திராட்சைக் கொத்து போலத் தொங்கும். ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் அது நுரைத்துக் கரையும். தினமும் நடந்துபோகிற தெருவுக்குள்ளே இத்தனை கட்டுமானம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட வயசு அது.

வெங்காய வேர் நாள் வந்தால் லேபில் ஒரு பண்டிகைக் களை. அண்ணன் மூன்று நாள் முன்பே பாட்டில் வாய்களில் வெங்காயங்களை உட்கார வைத்து, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி விட்டிருப்பார். சன்னல் திட்டு முழுக்க வெள்ளை வேர்கள் தொங்கும். காலையில், செல்கள் பிளவுபடுகிற வேளை பார்த்து நுனியை வெட்டி, ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் போட்டு வைப்பார். மத்தியானம் நாங்கள் அதை எடுத்து அசெட்டோகார்மினில் வைத்து ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டுவோம். கொதித்தால் போச்சு. கொஞ்சம் துரு ஏறின ஊசியால் கிளறினால் நிறம் நன்றாகப் பிடிக்கும், இரும்பு சேர்ந்தால் கார்மின் கறுத்துத் தெளியும் என்று மேடம் சொல்லித் தந்தார். அப்புறம் ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக ஓர் அழுத்து. கவர்கிளாஸ் நகரக்கூடாது. எல்லாம் கூடி வந்தால், நடுக்கோட்டில் வரிசை கட்டி நிற்கும் குரோமோசோம்கள் தெரியும். 16. அடுத்த செல்லில் அவையே இரண்டு கட்சியாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும். ஒருத்தருக்குக் கிடைத்துவிட்டால் போதும், அத்தனை பேரும் அந்த மைக்ராஸ்கோப் முன்னால் வரிசையில் நிற்போம்.

உயிர் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததும் அங்கேதான். ஹைட்ரில்லா இலையின் நடு நரம்பு ஓரத்துச் செல்லில் பச்சை மணிகள் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரும். இலையைப் பறித்துத் தண்ணீரில் வைத்திருக்கிறோம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ரியோ இலையின் ஊதா அடித்தோலை உரித்துச் சர்க்கரைக் கரைசலில் வைத்தால், ஊதா நிறம் சுவரைவிட்டு விலகிச் சுருங்கி உள்ளே ஒடுங்கும். நல்ல தண்ணீர் விட்டால் திரும்ப விரியும். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்தது வெறும் அறைகளைத்தான், செத்த செல்களின் சுவர்களை மட்டும். 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செல்களில் உட்கருவை அடையாளம் சொன்னார். நாங்களோ பதினேழு வயசில், ஒரு மத்தியான நேரத்தில், உயிருள்ள செல் தண்ணீர் குடிப்பதையே பார்த்துவிட்டோம்.

பருவங்கள்கூட லேபில் வேறு விதமாக வரும். ஐப்பசி மழைக்குக் கல்லூரிச் சுற்றுச்சுவர் பச்சையாகிவிடும். சுவரில் மாஸ், அதன் முனையில் சின்னச் சின்ன ஸ்போர்ப் பெட்டிகள். மைதானத்து ஈரத்தில் ரிக்சியா. நடைபாதையில் வழுக்குகிற நாஸ்டாக் கட்டிகள். தை பிறந்தால் பூக்களின் காலம். செம்பருத்தி, சங்குப்பூ, நித்தியகல்யாணி, எருக்கு என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்து, பூச்சூத்திரம் எழுதி, பென்சிலைக் கூர் சீவிப் படம் வரைவோம். பங்குனி வெயிலில் தேர்வு. போட்டோமீட்டரின் காற்றுக்குமிழி அந்த வெக்கையில் ஓட்டமாக ஓடும். வில்மாட் பப்ளரில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி என்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்போம். ஸ்பாட்டர் மேசையில் மணி அடித்ததும் எல்லோரும் ஓரடி நகர்வோம். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

எங்கள் துறைத் தலைவர் அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பாடம் சொன்னவர் எம்.ஓ.பி. அய்யங்காரிடம் பயின்றவர். வற்றிவரும் குளத்து ஈர மண்ணில் வளரும் ஒரு பச்சைப் பாசிக்கு, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ஷ் நினைவாக ஃபிரிட்ஷியெல்லா என்று 1932-இல் அய்யங்கார் பெயர் வைத்த கதையைச் சொல்லும்போது மட்டும் சாரின் குரல் தழுதழுக்கும். புதியதைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், ஊர்க் குளத்தில் குனிந்து பார் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. கண்ணாடி அலமாரியில் கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூல் அட்டை உதிர்ந்து நிற்கும். பெயர் தெரியாத செடி கிடைத்தால் சார் அதைத்தான் எடுக்கச் சொல்வார். அதிலும் பிடிபடவில்லை என்றால் செடியைத் தாளில் அழுத்தி, செயின்ட் ஜோசப் கல்லூரிக்குக் கூட்டிப்போவார். அங்கே அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம். தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1981 முதல் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்த காலம். அலமாரியைத் திறந்தால் கொல்லிமலையும் பச்சைமலையும் தாள் தாளாக அடுக்கியிருக்கும்.

டூர் என்றால் கொடைக்கானல், இல்லாவிட்டால் மண்டபம். கொடைக்கானலில் நீர் கசிகிற பாறையில் மார்க்கான்ஷியா, மரத்தடியில் செலாஜினெல்லா. மண்டபத்தில் கடல் உள்வாங்கும் நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி சர்காஸமும் உல்வாவும் பொறுக்குவோம். திரும்பும்போது பஸ் முழுக்க உப்புக் கவிச்சி. பின் சீட்டில் வாளிகளைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு அண்ணன் தூங்காமல் வருவார்.

அண்ணன் போய்விட்டார். சாரும் இல்லை. மேத்யூ பாதிரியார் 2004-இல் காலமானார். உய்யக்கொண்டானில் சாக்கடை கலந்த பிறகு ஹைட்ரில்லா எடுக்க இறங்க முடிவதில்லை. நாங்கள் படித்த அந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள். வடக்குச் சன்னல்களை ஏ.சி.க்காக அடைத்துவிட்டார்கள். தாவரவியலுக்குப் பிள்ளைகள் சேருவதில்லை என்று இடங்களைக் குறைத்தார்கள், பிறகு வகுப்பையே நிறுத்தினார்கள். பாடம் இருக்கிற இடங்களிலும் பல சமயம் ரெடிமேட் ஸ்லைடைத்தான் காட்டுகிறார்கள். அதில் எல்லாம் சரியாக இருக்கும், பிழையே இருக்காது. ஆனால் அதை யாரோ எங்கேயோ வெட்டியிருக்கிறார்கள். அந்தச் செடி எந்த வேலியில் நின்றது, பறித்த கையில் அதன் பால் எப்படிப் பிசுபிசுத்தது என்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாது. கை அறியாததைக் கண் நீண்ட நாள் வைத்துக்கொள்வதில்லை.

தாவரவியல் படித்து ஆசிரியராகாதவர்கள்தான் நம்மில் அதிகம். வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் ரயில்வேயிலும் போய் உட்கார்ந்தோம். ஆனாலும் வழியில் ஒரு செடியைப் பார்த்தால் நின்று பெயர் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தைத் தந்தது அந்த அறைதான். உங்கள் ஊர்க் கல்லூரியில் தாவரவியல் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள். இருந்தால், தெரிந்த பிள்ளைகளிடம் அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சேர்த்துவிடுங்கள். வகுப்பு ஒருமுறை மூடினால் திரும்பத் திறப்பது அநேகமாக நடப்பதில்லை.